சத்திரச் சாவி யாரிடம் இருப்பது நல்லது?

மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர்ச் சத்திரம். நாட்டு ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், முன்னால் நீளத் திண்ணை. 2018 நவம்பரில் கஜா புயல் பாதி ஓட்டைக் கொண்டுபோன பிறகுதான் கேள்வி வந்தது. அரசிடம் ஒப்படைத்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிவிடலாமா? இல்லை, ஊரே வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த தொல்லியல் ஆட்களிடம் யோசனை கேட்டுப் பார்த்துக்கொள்ளலாமா? ஊர்க்கூட்டம் இரண்டு தடவை கூடி, ஊரே வைத்துக்கொள்வது என்று முடிவானது. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். ஆகவே நான் எழுதுவதை நடுநிலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணமும் பொறியாளர்களும் அரசுப் பக்கம்தான் அதிகம். கல்வெட்டோ ஓவியமோ இருந்தால் பேச்சே இல்லை, கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி காலத்து முத்தாம்பாள் சத்திரம் மாதிரி பெரிய கட்டடத்தை ஓர் ஊர் தாங்காது. இன்னொரு பக்கம், ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எங்கள் தெரு முழுக்க அந்த நூறுக்குள் வரும். கூட்டத்தில் பாதிக் கைகள் இதற்காகத்தான் தூக்கின, மறைப்பானேன்.

எனக்கு முடிவைச் சொன்னது ஒழுகல்.

நாட்டு ஓடு தானாக நிலைத்து நிற்கிற சாமான் இல்லை. பூனை ஓடும், குரங்கு குதிக்கும், வேப்பிலை வந்து அடையும். ஒரு ஓடு விரல் அகலம் நகர்ந்தால் போதும், அந்த வழியாக ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் நனைந்து இற்றுப்போகும், அப்புறம் அதைத் தாங்கும் கைமரம். ஐப்பசிக்கு முன்னால் வருடம் ஒருமுறை பிரித்து அடுக்கினால் செலவு கொஞ்சம்தான். மூன்று வருடம் விட்டால் கூரையையே புதிதாகப் போட வேண்டியிருக்கும். எங்கள் கொத்தனார் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, ஒழுகுற எடத்த வெயில்ல கண்டுபிடிக்க முடியாது. மழையில ஆளு உள்ள இருக்கணும். பூட்டிப் போட்டா யாருக்குத் தெரியும்?"

பக்கத்து ஊரில் அதுதான் நடந்தது. அவர்கள் சத்திரம் ஓர் அலுவலகத்தின் கைக்குப் போனது. பலகை வைத்தார்கள், பூட்டினார்கள். சாவி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மூன்று மழைக்காலம் கழித்துத் திறந்தபோது நடுக்கூடத்தில் தரையிலிருந்து வானம் தெரிந்தது. அந்த ஓர் இடத்தை வைத்து எல்லா இடத்தையும் சொல்ல முடியாதுதான்.

எங்கள் சத்திரத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. ஒரு ஐப்பசி மாலை, ஆறாம் வகுப்புப் பெண்ணின் கணக்கு நோட்டில் சொட்டென்று விழுந்தது. அவள் நோட்டை நகர்த்திவிட்டு, சொட்டு விழுந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தாள். மறுநாள் கொத்தனார் அந்த வட்டத்துக்கு நேர் மேலே ஏணி வைத்தார். மாற்றியது நாலே ஓடு.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகள் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் கோர்பின் கேபின் என்ற பழைய மரக்குடிலில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறாள். 1910 வாக்கில் ஒரு மலைக் குடும்பம் கட்டியது, மின்சாரம் கிடையாது. குடில் இருப்பது பூங்காவுக்குள், பார்த்துக்கொள்வது 1927-இல் தொடங்கிய ஒரு மலைநடைச் சங்கம். முன்பதிவு செய்து யாரும் தங்கலாம். "மாமா, உங்க சத்திரம் மாதிரிதான்" என்றாள். அங்கேயும் மழை பெய்யும்போது உள்ளே ஆள் இருக்கிறார்கள்.

ஊர் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. முதல் வருடம் யாரையும் கேட்காமல் பின்சுவரைச் சிமெண்ட் போட்டுப் பூசினோம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் எங்கள் சுவர்களின் அடியில் ஈரம் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். இரண்டே வருடத்தில் உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்தது. ஓய்வுபெற்ற தொல்லியல் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, மொத்தத்தையும் கொத்திப் போடச் சொன்னார். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசும் பக்குவத்தை எங்கள் ஆட்களுக்குக் காட்டியதும் அவர்தான். காசு வாங்கவில்லை, மத்தியானச் சாப்பாடு மட்டும்.

கூரை, பூச்சு வரைக்கும்தான் நான் தைரியமாகப் பேச முடியும். ஆற்றங்கரை சரிந்து அஸ்திவாரம் இறங்கினால் என்ன செய்வோம் என்று கேட்டால், அந்த அனுபவம் இல்லை. அப்போது அரசு வாசலில்தான் போய் நிற்போம் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் ஓடு இருநூறு குறைகிறது. மேலத்தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தார்கள். அங்கே வாங்கித் திண்ணையில் அடுக்கியிருக்கிறோம். ஆவணி வெயில் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும்.