இணைதிறன்: அணுவுக்கும் வினைச்சொல்லுக்கும்

வேதியியலில் இணைதிறன் என்பது ஓர் அணு எத்தனை பிணைப்புகள் கொள்ளும் என்ற கணக்கு. ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 2, கார்பனுக்கு 4. இரும்புக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3.

இதே கணக்கை வினைச்சொல்லுக்கும் போட்டுப் பார்த்தார் பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் தெனியேர். அவர் இறந்தபின் 1959-இல் வெளிவந்த நூலில் இது விரிவாக உள்ளது. ‘தூங்கு’ என்றால் தூங்க ஓர் ஆள் போதும். ‘வெட்டு’வுக்கு இரண்டு வேண்டும், வெட்டுபவரும் வெட்டப்படுவதும். ‘கொடு’வுக்கு மூன்று: கொடுப்பவர், கொடுக்கப்படுவது, பெறுபவர்.

ஆனால் அணுவைப் போல வினைக்குக் கறார் கிடையாது. தமிழில் ‘கொடுத்தான்’ என்று மட்டும் சொல்லலாம்; யாருக்கு, எதை என்பது பேச்சிலேயே புரிந்துவிடும். அப்புறம், பந்து உருண்டது, குழந்தை பந்தை உருட்டியது: உருள், உருட்டு ஆனதும் 1 என்பது 2 ஆகிவிடுகிறது! இலக்கண வகுப்பில் செயப்படுபொருள் ஏற்காதது குன்றிய வினை, ஏற்பது குன்றா வினை என்று நிறுத்தாமல் இதையும் சொல்லித்தரலாம். அந்தப் பிரிவில் ‘வெட்டு’வும் ‘கொடு’வும் ஒன்றுதான், பெறுபவரை இணைதிறன்தான் எண்ணுகிறது.