350 ரூபாய்க்கு ஒரு மதியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெரு என்னைக் கைவிடவில்லை. கைவிட்டது என் சட்டைப்பையிலிருந்த பணம்.

2025 டிசம்பர் கடைசியில், ஜெர்மனியில் வாழும் நாங்கள் மூன்று வாரம் சென்னையில், நங்கநல்லூரில் அக்கா வீட்டில் இருந்தோம். விமானம், குடியேற்றச் சோதனை, வாடகைக் கார் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது என் பையனுடைய கேம் கண்ட்ரோலரைப் பற்றி.

கட்டைவிரலால் தள்ளும் அதன் இடது குச்சி யாரும் தொடாமலே மேல்நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. கால்பந்து ஆடினால் இவனுடைய ஆள் பந்தை விட்டுவிட்டு மூலைக் கொடியை நோக்கி நடப்பார். ஏதோ அங்கே வேண்டுதல் இருப்பதுபோல. ஜெர்மனியில் விற்ற பொருளுக்கு இரண்டு ஆண்டுகள் விற்றவரே பொறுப்பு என்பது சட்டம். எங்கள் கண்ட்ரோலர் அந்தச் சட்டத்தைக் கவனமாகப் படித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு மூன்று மாதத்தில் கெட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். விற்பனையாளர் அதைக் கையில்கூட வாங்காமல், 70 யூரோவுக்குப் புதியது எந்த அடுக்கில் இருக்கிறது, பழையதை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பதை மிக மரியாதையாகச் சொன்னார். பழுது பார்க்கும் உரிமை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2026 ஜூலைக்குள் எல்லா நாடுகளும் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கேம் கண்ட்ரோலர் இல்லை.

"ஊருக்கு எடுத்துப் போவோம், ரிச்சி தெருவில் பார்த்துவிடுவார்கள்" என்றேன். 23 கிலோ கணக்கில் பெட்டியை நிறுத்துக்கொண்டிருந்த மனைவி பதில் சொல்லவில்லை.

2001இல் என் முதல் கணினியை இந்தத் தெருவில்தான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். ஒரு கடையில் விலை எழுதி வாங்கி, அந்தச் சீட்டை அடுத்த கடையில் காட்டி நூறு ரூபாய் குறைத்து, மறுபடி முதல் கடைக்கே வந்து நிற்பது அன்றைய முறை. 128 எம்பி ராம் போதுமா என்று அரை நாள் விவாதித்தோம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பூங்கா நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் போனேன்; இறங்கும்போது இரண்டு காலும் மரத்திருந்தன. விளையாட்டுக் குறுந்தகடுகளுக்குப் பர்மா பஜார். அவற்றின் உரிமம் குறித்து அப்போது யாரும் கேட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

இப்போது அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் சில நிமிட நடை. தெரு மாறவில்லை. தலைக்கு மேல் அதே கம்பிக் காடு, காலடியில் அதே பள்ளம், நடுவில் சரக்கு இறக்கும் அதே வண்டி. ஒரே புதுமை, ராம் விலை கேட்டால் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லையாம். அந்தச் சில்லுகளைச் செய்யும் மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற பெயரிலான சில்லறை வியாபாரத்தையே விடப்போவதாக டிசம்பரில்தான் அறிவித்திருந்தது. கணினி வாங்க நினைக்கிறவர்கள் எதற்கு வயிறெரிகிறார்கள் என்பது அங்கே நின்றால் புரியும்.

நான் தேடிய கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு தம்பி. இருபத்தைந்து வயதிருக்கும். கண்ட்ரோலரை வாங்கி, குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "கார்பன் தேய்ந்துவிட்டது சார்" என்றான். குச்சியின் அடியில் இரண்டு சிறு பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. அவற்றில் இருக்கும் கரிப் பட்டையின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேய்ந்தால் நடு எது என்று கண்ட்ரோலருக்கே தெரியாமல் போய்விடும். காந்தத்தால் இயங்கும் ஹால் வகைக் குச்சி போட்டால் உரசலே இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. அதைப் போட 350 ரூபாய். வலதையும் சேர்த்து மாற்றினால் 600.

வலது நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். எதையாவது சேர்த்துத் தலையில் கட்டுவார்கள் என்ற பயம் வெளிநாட்டில் இருபது ஆண்டு இருந்தாலும் போவதில்லை.

அவன் வேலை செய்ததை நானும் பையனும் அருகிலேயே நின்று பார்த்தோம். திருகுகளைக் கழற்றிக் காந்தத் தட்டில் ஒட்டினான். பழைய குச்சி பலகையில் 14 இடங்களில் ஈயத்தால் பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் சூடாக்கி, உறிஞ்சியை வைத்து 'டக்'கென்று இழுத்தான். பதினான்காவது 'டக்'கில் குச்சி தானாகக் கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. புதியதைப் பொருத்திக் கணினியில் செருகினான். திரையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. புள்ளி கொஞ்சம் விலகி நின்றது. ஏதோ இரண்டு பொத்தான்களைத் தட்டியதும் நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன்: 22 நிமிடம். ஜெர்மனியில் இதற்கு முன்பதிவு வாங்கவே மூன்று வாரம் ஆகியிருக்கும்.

பிறகு பணம் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது.

500 ரூபாய்த் தாளை நீட்டினேன். வேற்றுநாட்டு அஞ்சல்தலையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஜிபே இல்லையா சார்?" காலையிலிருந்து ஒருவரும் ரொக்கம் தரவில்லையாம். மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினான். திருகுகள், ஈயக் கம்பி, பாதி சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலம். சில்லறை இல்லை. சரி, 150 ரூபாயை வைத்துக்கொள் தம்பி என்றேன். "வேண்டாம் சார், உழைக்காத காசு" என்று மறுத்துவிட்டான். எதிரே தேநீர்க் கடையில் மாற்றலாமென்று போனால் அங்கும் கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவே ஒரு கியூஆர் அட்டை, பக்கத்தில் பேசும் பெட்டி. பத்து ரூபாய்த் தேநீருக்கும் அது தமிழில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தது.

நான் இருக்கும் ஊரில் பத்து யூரோவுக்குக் கீழே அட்டை வாங்கமாட்டோம் என்று ரொட்டிக் கடையில் எழுதி வைத்திருப்பார்கள். ரொக்கத்தோடு வாழப் பழகியவன் நான். 2016இல் தொடங்கிய யுபிஐ பத்து ஆண்டுகூட ஆவதற்குள் என்னைச் சொந்த ஊரில் காசிருந்தும் கடனாளி ஆக்கிவிட்டது. பாஸ்போர்ட் உறைக்குள் போன பயணத்தில் மிஞ்சிய இரண்டு 2000 ரூபாய்த் தாள்கள் வேறு. 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போனால் இன்னும் மாற்றலாம். போகவில்லை.

எனக்கு ஏன் யுபிஐ இல்லை என்று கேட்பீர்கள். என் இந்திய எண் போய்விட்டது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்து, இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி. 14 ஆண்டு வைத்திருந்த எண். வந்த மறுநாள் ஆசை தாளாமல் அதற்கு அழைத்துப் பார்த்தேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் எடுத்தார். நல்ல மனிதர். "உங்கள் வங்கிச் செய்திகள் எனக்குத்தான் வருகின்றன சார், போன வாரம்கூட வட்டி விழுந்திருக்கிறது" என்றார். அந்த எண்ணை மாற்ற வங்கிக்குப் போனால், மாற்றுவதை உறுதிசெய்யப் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்புவோம் என்கிறார்கள். இரண்டு முறை போய்ப் படிவமும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டு எண்ணையே யுபிஐயில் இணைக்கலாம் என்று 2023 தொடக்கத்தில் பத்து நாடுகளை அறிவித்தார்கள். சிங்கப்பூர் உண்டு, கனடா உண்டு, ஓமன் உண்டு. ஜெர்மனி இல்லை.

அக்காவை அழைத்தேன். அவளுக்குக் காய்கறிக்காரருக்கு மட்டும்தான் அனுப்பத் தெரியுமாம். கடைசியில் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கும் அக்கா மகனைப் பிடித்தேன். கியூஆர் அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். "மாமா, வகுப்பில் இருக்கிறேன்" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடமே மேசைமேல் இருந்த பெட்டி, "350 ரூபாய் பெறப்பட்டது" என்று தெரு கேட்க அறிவித்தது. 500 கிலோமீட்டர் தள்ளி ஒரு பையன் மேசைக்கு அடியில் கைபேசியைத் தட்டி என் மானத்தைக் காப்பாற்றினான். என் கையில் 500 ரூபாய் அப்படியே இருந்தது.

விடுமுறைக்கு அவன் வந்தபோது வீட்டில் மூன்று நாள் ஒரே துப்பாக்கிச் சத்தம். 2020இல் பப்ஜியைத் தடை செய்தபோது அழுத பையன்; மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்ததும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். 2025 ஆகஸ்டில் வந்த புதிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மட்டும்தான் தடை செய்கிறது, என்னுடையதை அல்ல என்று எனக்கே வகுப்பெடுத்தான். முன்பெல்லாம் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் செய்திக்கு நடுவே ரம்மி விளம்பரம் வரும்; இந்த முறை ஒன்றுகூட வரவில்லை. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த அந்த வகைச் செயலியின் பெயரும் போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தில் ஊர் ஜெர்மனியைவிட உருப்பட்டிருக்கிறது என்பேன். அங்கே கால்பந்து போட்டாலே பந்தய நிறுவனங்களின் பெயர்தான் கண்ணில் படுகிறது.

அந்த 350 ரூபாயை அவனிடம் கொடுக்கப் பார்த்தேன். ரொக்கம் வேண்டாம், விடுதியில் யாரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டான். வங்கியிலிருந்து இன்னும் தகவல் இல்லை, தூத்துக்குடிக்காரருக்குப் போயிருக்கலாம். இடது குச்சி அருமையாக வேலை செய்கிறது. வலது, போன வாரத்திலிருந்து லேசாக இடப்பக்கம் சாய்கிறது.