மெதுவாகப் போனதற்கு 57,200 ரூபாய்

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் மடங்காது. பஸ் ஏற முடியாது, காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ஆனால் உறவுகளையும் சிநேகிதர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் அத்தை, புதுக்கோட்டையில் அவருடன் வேலை பார்த்தவர், காரைக்குடியில் பெரியம்மா, பாளையங்கோட்டையில் என் மனைவியின் அண்ணன். படுக்கையும் கழிப்பறையும் உள்ள கேரவன் எடுத்தால் அவசரமில்லாமல் ஊர் ஊராகத் தங்கிப் போகலாமே என்று தோன்றியது. யோசனை நல்ல யோசனைதான். வண்டி எடுத்த இடம்தான் சரியில்லை.

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு வாடகை நிறுவனம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. போனில் பேசியவர், "கிலோமீட்டருக்கு 55 ரூபாய் சார், டீசல் எங்களோடது. டிரைவர் பேட்டா, டோல் தனி" என்றார். மேப்பில் தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். போக வர, ஊருக்குள் சுற்ற எல்லாமாக 1,450 கிலோமீட்டர். எண்பதாயிரம் ஆகும். நாலு பேர், எட்டு நாள், ஓட்டல் செலவு கிடையாது. சரி என்று 50,000 முன்பணம் அனுப்பிவிட்டேன்.

அவர் சொல்லாமல் விட்டதும் நான் கேட்காமல் விட்டதும் ஒன்றுதான். ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் கணக்கு ஓடும். சுற்றுலா வேன் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே மூச்சில் ஒன்பது கோயில் பார்க்கிறவர்களுக்கு அதனால் நஷ்டமும் இல்லை. ஆனால் அத்தை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்காகவே கிளம்பியவர்களுக்கு, ஒவ்வொரு நாளும் 13,750 ரூபாய். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். அன்று நாங்கள் ஓடியது அவ்வளவுதான்.

நாள் கணக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. நாங்கள் கிளம்பியது வியாழக்கிழமை இரவு 9 மணிக்கு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் டீ குடிக்கும்போது மணி 12 ஆகிவிட்டது. அத்தோடு ஒரு நாள் முடிந்ததாம். திரும்பி வந்தது அடுத்த வாரம் சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்கு. அந்த ஒரு மணி நேரமும் ஒரு நாளாம். எங்கள் கணக்கில் எட்டு நாள், அவர்கள் கணக்கில் பத்து. வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பி, அடுத்த வெள்ளிக்கிழமையே திரும்பியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தில் காட்டியது பளபளப்பான பெரிய வண்டி. வந்தது பழைய வேன். சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். "கல்யாணத்துக்குச் சமையல்காரங்க வர்ற வண்டி மாதிரி இருக்கேடா" என்றார் அத்தை. இன்ஜினை அணைத்தால் ஏ.சி. நின்றுவிடும். வண்டியிலிருந்த ஒயரை அத்தை வீட்டுக்குள் இழுத்தோம். ஏ.சி.க்கு 15 ஆம்ப்ஸ் பிளக் வேண்டும், கூடத்தில் இருந்ததோ 5 ஆம்ப்ஸ். போட்ட பத்தாவது நிமிடம் ஃபியூஸ் போய், அந்தப் போர்ஷன் முழுக்க இருட்டு. அப்புறம் ஜெனரேட்டர்தான். அது மணிக்கு 300 ரூபாய் என்பது பில் வந்த அன்றுதான் தெரிந்தது. கழிப்பறைக் கதவில் 'அவசரத்துக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்காகவே எடுத்த வண்டியில் அப்பா பெட்ரோல் பங்க் கழிப்பறைகளைத் தேடிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை தாண்டி வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்து, "சார், கேட்டா ஓனரோட சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்கிப் பார்த்தால் வெள்ளை நம்பர் பிளேட். ஓன் போர்டு வண்டி. வாடகைக்கு ஓட்ட வேண்டுமானால் மஞ்சள் பிளேட்டும் பெர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். நடக்க முடியாத அப்பாவையும் அம்மாவையும் அப்படிப்பட்ட வண்டியில் படுக்கவைத்து ராத்திரி முழுக்க வந்திருக்கிறோம். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எந்த வகை, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். முன்பணம் அனுப்புவதற்கு முன் வண்டி எண்ணைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றட்டும். எண் தராமல் 'எந்த வண்டி ஃப்ரீயா இருக்கோ அது வரும் சார்' என்று இழுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

டிரைவர் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கியது அவன்தான். எங்களிடம் அவனுக்கென்று நாளைக்கு 1,200 வாங்கினார்கள். அவன் கைக்குப் போவது 600 என்று காரைக்குடியில் சாப்பிடும்போது சொன்னான்.

கடைசியில் வந்த பில்: 2,500 கிலோமீட்டருக்கு 1,37,500. மீட்டரில் ஓடியிருந்தது 1,460 மட்டும். அதற்கு 80,300தான் வரும். தலைப்பில் இருக்கும் தொகை இந்த வித்தியாசம்தான். பேட்டா 12,000. ஜெனரேட்டர் 40 மணி நேரத்துக்கு 12,000. அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்திய கழிப்பறையைக் கழுவ 4,000. காணாமல் போன ஒயருக்கு 2,500. டோல் இல்லாமலே மொத்தம் 1,68,000. வாசலில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு, முன்பணம் போக 90,000 கொடுத்து முடித்தேன். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை.

நல்லவேளை, முன்பணம் வங்கி வழியாகப் போயிருந்தது. 55 ரூபாய் பேச்சும் வாட்ஸ்அப்பில் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. போனில் பேசியதையெல்லாம் எழுத்திலும் ஒருமுறை அனுப்பச் சொல்லி வாங்கியிருந்தால் என் கை இன்னும் ஓங்கியிருக்கும்.

போன வாரம் அத்தை போன் செய்தார். "டேய், அந்த வண்டிக்காரன் ஒயர் இங்க கொல்லையிலயே கெடக்கு. துணி காயப்போடக் கட்டிக்கவா?"

கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். 2,500 ரூபாய்க் கொடி.