"12 சி.எல்.இ. கிரெடிட்" செமினார்னு போஸ்டர் வருதா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் வக்கீல் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கறவங்க கண்ணுல அந்த போஸ்டர் படாம இருந்திருக்காது. புது கிரிமினல் சட்டம் மூணுக்கும் சேத்து ரெண்டு நாள் செமினார், நடுவுல ஒரு ரிட்டயர்டு ஹைகோர்ட் ஜட்ஜ் போட்டோ, கீழ "12 சி.எல்.இ. கிரெடிட்" (வக்கீல் ஆனப்புறமும் தொடர்ந்து சட்டம் படிச்சதுக்கு குடுக்கற மதிப்பெண்), "பார் கவுன்சில் அங்கீகாரம் பெற்றது", "நேரடி மாதிரி விசாரணை". பீஸ் 4,500, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. 810, ஆக தலைக்கு 5,310 ரூவா. நானும் கட்டுனேன், ஆபீஸ் ஜூனியர் ரெண்டு பேருக்கும் கட்டுனேன். நடத்துனவங்க பேர இங்க போடல, மேட்டர் கன்ஸ்யூமர் கமிஷன்ல இருக்கு, ஆனா இதே பாணியில வேற வேற பேர்ல ஆளுங்க கெளம்பியிருக்காங்க, அதுனால பேர விட விஷயம்தான் முக்கியம்.

எதுக்கு இதுக்கெல்லாம் கூட்டம் சேருதுன்னு வெளிய இருக்கறவங்களுக்கு புரியாது. 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றம்னா ஐ.பி.சி. (பழைய தண்டனை சட்டம்), அதுக்கப்புறம்னா பி.என்.எஸ். (அதுக்கு பதிலா வந்த புது சட்டம்), ஒரே நாள்ல ஒரே கோர்ட்ல ரெண்டையும் தலைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கணும். முப்பது வருஷம் பிராக்டீஸ் பண்ண சீனியருக்கு சி.ஆர்.பி.சி.ங்கற பழைய நடைமுறை சட்டத்துல 482ன்னா ஹைகோர்ட்ல கேஸ ரத்து பண்ற குவாஷ், இப்ப அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல அதே 482 ஆன்டிசிபேட்டரி பெயில் (முன்ஜாமீன்), குவாஷ் 528க்கு போயிருச்சு. 511 செக்‌ஷன் இருந்த ஐ.பி.சி. 358 ஆச்சு, 484 இருந்த சி.ஆர்.பி.சி. 531 ஆச்சு. இந்த பயத்த வச்சுத்தான் யாவாரம் நடக்குது.

முதல்ல அந்த கிரெடிட் கத. போன் போட்டு "பார் கவுன்சில் லெட்டர் காட்டுங்க"ன்னு கேட்டேன். "சார், ப்ராசஸ்ல இருக்கு சார், இனிமே என்ரோல்மென்ட் தொடரணும்னாலே கிரெடிட் கேப்பாங்க சார், இப்பவே சேத்து வச்சுக்கிட்டா நல்லது, லெட்டர் செமினார் அன்னிக்கு கைல குடுத்துருவோம்"னு தேன் ஒழுக பேசுனாரு. அமெரிக்காவுல இப்படி ஒரு ஏற்பாடு நெசமாவே இருக்கு, நியூயார்க் வக்கீல் ரெண்டு வருஷத்துக்கு 24 மணி நேரம், கலிஃபோர்னியா வக்கீல் மூணு வருஷத்துக்கு 25 மணி நேரம் படிச்சுக் காட்டணும், யார் நடத்தலாம்ங்கறதுக்கும் அங்க அப்ரூவல் முறை இருக்கு. நம்ம ஊர்ல அட்வகேட்ஸ் ஆக்ட் 1961ல செக்‌ஷன் 6 என்ன சொல்லுதுன்னா, செமினார் நடத்தறது ஸ்டேட் பார் கவுன்சிலோட வேலைகள்ல ஒண்ணுன்னு. அவ்ளோதான். பிராக்டீஸ் பண்றதுக்கு இத்தன கிரெடிட் காட்டுங்கற விதியே இங்க இல்ல. அப்புறம் அந்த 12 கிரெடிட்ட எந்த அக்கவுண்ட்ல வரவு வைக்கறது? லெட்டர் அன்னிக்கும் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல.

ரெண்டு நாள் எப்படி போச்சுன்னா, போஸ்டர்ல இருந்த ஜட்ஜ் வரவே இல்ல, "தவிர்க்க முடியாத காரணம்"னாங்க, பின்னாடி விசாரிச்சா அவர்கிட்ட போட்டோவுக்கு பர்மிஷன் கூட வாங்கலியாம். கிராஸ் (குறுக்கு விசாரணை) எப்படி பண்றதுன்னு சொல்லித்தர வேண்டிய சீனியர் அட்வகேட்டும் இல்ல. மாதிரி விசாரணை நேரமில்லன்னு கேன்சல். ஹால்ல பாதி பேருக்கு சேர் இல்ல, சாப்பாடு பரவால்ல. வந்தது ஒரே ஒரு ட்ரெய்னர், கோர்ட் படி ஏறுன ஆள் மாதிரியே தெரியல, பேர் ஆக்ட (விளக்கம் எதுவும் இல்லாத சட்டப் புத்தகத்த) ஸ்கிரீன்ல போட்டு வரி வரியா வாசிச்சாரு. ரெண்டாவது நாள் மதியம் முழுக்க "அட்வான்ஸ்டு டிப்ளமா"ன்னு அடுத்த கோர்ஸ விக்கற வேலதான்.

இது வரைக்கும் நடந்தது பணத்தோட போச்சுன்னு விட்டுருக்கலாம். ஆனா சொல்லிக்குடுத்ததே தப்பு. என் ஜூனியர் பொண்ணு எந்திரிச்சு பி.எஸ்.ஏ.ங்கற புது சாட்சிய சட்டத்த பத்தி ஒரு நல்ல கேள்வி கேட்டுச்சு, "சி.சி.டி.வி. புட்டேஜ பென் டிரைவ்ல ஃபைல் பண்ணா பி.எஸ்.ஏ. 63ல சர்டிபிகேட்டு பார்ட் பி யார் போடணும் சார்?" அதுக்கு அந்த மனுசன் "பழைய 65பி ஃபார்மேட்டே போதும்மா, நம்பர மட்டும் மாத்திக்கோ"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. 65பி பழைய எவிடன்ஸ் ஆக்ட். புது சட்டத்தோட அட்டவணையில சர்டிபிகேட் ரெண்டு பாகமா இருக்கு, பார்ட் ஏ அத தாக்கல் பண்ற பார்ட்டி போடணும், பார்ட் பி எக்ஸ்பர்ட் போடணும், அந்த ஃபைலோட ஹாஷ் வேல்யூ (ஃபைல் மாறலன்னு காட்டற டிஜிட்டல் கைரேக மாதிரி) எழுதணும், எந்த அல்காரிதம்னு டிக் அடிக்கணும். அந்த எக்ஸ்பர்ட்ட பிரைவேட் கேஸ்ல எங்க போய் புடிக்கறதுன்னுதான் நாமெல்லாம் மண்டைய பிச்சுக்கறோம், அதுக்கு பதில் தேடித்தான் பாதி பேர் பணமே கட்டுனது. சர்டிபிகேட் இல்லாம எலக்ட்ரானிக் காப்பி எவிடன்ஸா நிக்காதுன்னு சுப்ரீம் கோர்ட் 2020ல அர்ஜுன் பண்டித்ராவ் கேஸ்ல தெளிவா சொன்னதுக்கப்புறம், "நம்பர மட்டும் மாத்திக்கோ"ன்னு நூறு பேருக்கு மேல உக்காந்திருந்த ஹால்ல ஒருத்தர் மைக்ல சொல்றாரு.

அத விட கொடும அந்த "ஹார்டு பவுண்ட் மெட்டீரியல்". பழைய செக்‌ஷன், புது செக்‌ஷன்னு ஒப்பீட்டு டேபிள், பளபளன்னு அட்டை. என் இன்னொரு ஜூனியர் தம்பி அத நம்பி, நெலத்துக்கு அட்வான்ஸ் வாங்கி ஏமாத்துன ஒரு மேட்டர்ல போலீஸ விசாரிக்கச் சொல்லி உத்தரவு கேட்டு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு பி.என்.எஸ்.எஸ். 175(3) பெட்டிஷன் டிராஃப்ட் பண்ணி, 420க்கு பதிலா பி.என்.எஸ். 316ன்னு போட்டுட்டான். ஓப்பன் கோர்ட்ல "என்ட்ரஸ்ட்மென்ட் எங்கப்பா இருக்கு, இதுல 316 எப்படி வரும்?"னு கேட்டாங்க, பையன் முழிச்சான், பக்கத்துல நின்ன கட்சிக்காரர் மொகத்த பாக்க முடியல. 316 நம்பிக்கை மோசடி, அதாவது நம்பி ஒப்படைச்சத (என்ட்ரஸ்ட்மென்ட்) கையாடுறது, பழைய 406 வகையறா. ஏமாத்துறதுக்கு 318. நான் அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த டேபிள முழுசா பாத்தேன், கொலைக்கு தண்டனை 101னு போட்டிருக்கு, சட்டத்துல 101 வெறும் டெஃபனிஷன், தண்டனை 103ல இருக்கு. எங்கருந்து இந்த நம்பர்னு தேடுனா விஷயம் சிக்கிருச்சு. 2023 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல முதல்ல வச்ச மசோதாவுல இருந்து அப்படியே காப்பி. அந்த மசோதாவ டிசம்பர்ல கவர்மென்டே வாபஸ் வாங்கி, திருத்தி வேற மசோதா கொண்டு வந்து, அதுக்குத்தான் டிசம்பர் 25 ஜனாதிபதி கையெழுத்து போட்டாங்க. முதல் மசோதாவுல பி.என்.எஸ். 356 செக்‌ஷன், சட்டமா வந்தப்ப 358, நடுவுல நம்பரெல்லாம் நகந்துருச்சு. சட்டமே ஆகாத ஒண்ண அச்சடிச்சு 5,310 ரூவாய்க்கு வித்திருக்காங்க. அன்னிக்கு அந்த புக்கோட வீட்டுக்கு போன மத்தவங்க அத வச்சு என்னென்ன ஃபைல் பண்ணாங்களோ தெரியல.

சர்டிபிகேட்ட பத்தியும் சொல்லணும். கீழ வரிசையா நம்பர் போட்டிருந்தாங்க, பாத்தா பெரிய அங்கீகாரம் மாதிரி இருக்கும். ஒண்ணு உதயம் நம்பர், சின்ன தொழில் நடத்தற யார் வேணா எடுக்கறது. இன்னொண்ணு ஐ.எஸ்.ஓ. ரெண்டுக்கும் சட்டம் சொல்லித்தர்ற தகுதிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. மேல "சர்டிஃபைடு கிரிமினல் லா ஸ்பெஷலிஸ்ட்"னு பட்டம், அத போர்டுலயும் விசிட்டிங் கார்டுலயும் போட்டுக்கலாம்னு மேடையிலயே சொன்னாங்க. பார் கவுன்சில் ரூல் 36 அப்படி இந்த துறையில ஸ்பெஷலிஸ்ட்னு போட்டுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. அதாவது காசு குடுத்து வாங்குன சர்டிபிகேட்ட மாட்டுனா நம்ம மேலயே புகார் வரும், என்னா ஒரு சர்வீஸ் பாருங்க.

ரீஃபண்ட் கேட்டதும் "பாலிசி இல்ல சார், அடுத்த பேட்ச்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னாங்க. குரூப்ல கேட்டேன், ரிமூவ் பண்ணிட்டு அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி மாத்திட்டாங்க. பில்ல எடுத்து பாத்தா 18% ஜி.எஸ்.டி. வாங்கியிருக்காங்க, ஆனா ஜி.எஸ்.டி. நம்பர் இல்ல, பணம் போனது ஒரு தனி ஆளோட யு.பி.ஐ. ஐ.டி.க்கு. ரெஜிஸ்டர் பண்ணாதவங்க ஜி.எஸ்.டி.ன்னு ஒத்த பைசா வசூலிக்கக் கூடாது, சி.ஜி.எஸ்.டி. ஆக்ட் செக்‌ஷன் 32. அதுக்கு தனியா ஒரு புகார் போட்டாச்சு. வக்கீலுங்களுக்கே 318ம் சேத்து பாடம் நடத்திட்டாங்கன்னு பார் ரூம்ல ஓட்டுறாங்க, ஓட்டட்டும்.

ஜூனியருங்களுக்கு 5,310ங்கறது சின்ன காசு இல்ல. சிட்டில மாசம் 20,000, கிராமத்துல 15,000 ஸ்டைபெண்ட் குடுங்கன்னு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபர்ல சொல்லுச்சு, அது எத்தன ஆபீஸ்ல நடக்குதுன்னு நமக்கே தெரியும். புது சட்டம் படிக்க காசே வேணாம். இந்தியா கோட் சைட்ல மூணு ஆக்டும் ஃப்ரீயா இருக்கு. போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டு பீரோ போட்ட ஒப்பீட்டு அட்டவணை இருக்கு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட (என்.சி.ஆர்.பி.) சங்கலன் ஆப்ல பழசும் புதுசும் பக்கத்து பக்கத்துல வரும். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்மென்ட்டுக்கு இ-எஸ்.சி.ஆர். ஃப்ரீ. எங்க பார்ல சாயங்காலம் நாலு சீனியர உக்கார வச்சு படிக்கறோம், டீ செலவு மட்டும்தான், நாலு நாள்ல அந்த செமினார விட நெறைய தெளிவாச்சு.

காசு குடுத்தே போகணும்னா பார் கவுன்சில் லெட்டர் நம்பரோட வேணும்னு கேளுங்க, ஜி.எஸ்.டி. நம்பர போர்ட்டல்ல அடிச்சு பாருங்க, பேசப்போறதா போட்டிருக்கறவங்க ஆபீஸுக்கே போன் போட்டு வர்றீங்களான்னு கேட்டுக்கோங்க. மெட்டீரியல்ல சாம்பிள் பக்கம் கேளுங்க, 420க்கு நேரா 316ன்னு இருந்தா அங்கயே கெளம்பிருங்க.

வக்கீல் மேல கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2024 மே மாசம் சொல்லிருச்சு, ஆனா வக்கீல் போய் கேஸ் போடக்கூடாதுன்னு யாரும் சொல்லல. நான் போட்டுட்டேன், குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் பீஸும் இல்ல. "நீங்க தொழிலுக்காக படிச்சீங்க, நீங்க கன்ஸ்யூமரே இல்ல"ன்னு பதில் நோட்டீஸ்ல எழுதியிருக்காங்க, அத ஆர்க்யூமென்ட்ல பாத்துக்கலாம். அன்னிக்கு ஹால்ல இருந்தவங்க யாராவது இத படிச்சா பில், போஸ்டர், அந்த டேபிள் பக்கம், யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் எடுத்து வைங்க. ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பல பேருக்காக கன்ஸ்யூமர் சட்டம் 35(1)(சி)ல பர்மிஷன் கேட்டு மனு போடப்போறேன், தனியா போடறவங்களும் போடலாம், ரெண்டு வருஷ லிமிடேஷன் (கேஸ் போடற கெடு) ஓடிக்கிட்டு இருக்கு.