டீச்சர் ரிட்டயர்மெண்ட் அழைப்பிதழ்: கையெழுத்தா, ரப்பர் அச்சா, பாப்-அப்பா?

டீச்சரோட பணி ஓய்வு விழாவுக்கு அழைப்பிதழ கையாலயே பண்ணிடலாம்னு எல்லாரும் ஆசையா முடிவு பண்ணிடுவோம், ஆனா எந்த மாதிரி பண்றதுன்னு வரும்போதுதான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. ரெண்டு விழாவுக்கு இந்த வேலைல உக்காந்திருக்கேன், மூணு வகையும் பண்ணிப் பாத்துட்டேன், அதனால ஒண்ணோட ஒண்ணு வச்சே சொல்லிடறேன்.

மொதல்ல கணக்கு போட்டுக்கோங்க. ஒரு கார்டுக்கு 12 நிமிஷம்னா 60 கார்டுக்கு 12 மணி நேரம். அஞ்சு பேர் சேந்து உக்காந்தா ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ஒரே ஆள் தலைல விழுந்தா நாலஞ்சு ராத்திரி போயிடும். எந்த டிசைன் அழகுங்கறதுக்கு முன்னாடி எத்தன கை இருக்குன்னு பாக்கணும்.

முழுக்க கையால எழுதற கார்டுதான் செய்யறதுக்கு ரொம்ப சுலபம். ஏ4 அட்டைய நாலா வெட்டினா ஏ6 சைஸ், அதாவது 105-க்கு 148 மில்லிமீட்டர், சி6 கவர்ல சரியா போய் உக்காரும். அட்டை 200 ஜிஎஸ்எம்-க்கு (பேப்பரோட கனத்த சொல்ற அளவு) மேல இருக்கட்டும், சாதாரண ஜெராக்ஸ் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனா வச்சா மறுபக்கம் ஊறிடும். இதோட பலம் என்னன்னா, எழுத்து கத்துக்குடுத்த டீச்சர் கைக்கு அவங்க பிள்ளைங்க எழுத்தே போய்ச் சேருது. எங்க டீச்சர் ஒரு கார்டை வாங்கிட்டு பேரே பாக்காம, அந்த 'ழ'வோட சுழிய மட்டும் பாத்துட்டு இத யார் எழுதினாங்கன்னு சொன்னாங்க, அது எந்த பிரிண்ட்லயும் வராது. பலவீனம்னா களைப்புதான். மொதல் இருபது கார்டு முத்து முத்தா இருக்கும், நாப்பதத் தாண்டினதும் வரி கோணும், தேதி மாறும். எங்களுக்கு ஒரு கட்டு கார்டுல நேரமே தப்பாயிடுச்சு, கவர்ல போட்டு ஒட்டறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டதால தப்பிச்சோம். அதனால மாதிரி கார்டு ஒண்ண சரிபாத்து எல்லாருக்கும் நடுவுல நிக்க வச்சுட்டு அதப் பாத்தே எழுதுங்க. பென்சில் கோட்ட அழிக்கறதுக்கு முன்னாடி ஜெல் பேனா மை நல்லா காயட்டும், அவசரப்பட்டா மொத்த வரியும் இழுவிக்கும்.

கருப்பு அட்டைல வெள்ளை ஜெல் பேனா, கரும்பலகை மாதிரின்னு யாராவது கண்டிப்பா சொல்வாங்க. முகப்புக்கு அருமையா இருக்கும். ஆனா உள்ள இடம், நேரம் எல்லாம் அதே மாதிரி பொடி எழுத்துல எழுதினா வயசான சக ஆசிரியர்கள் கஷ்டப்படுவாங்க. எனக்குப் பிடிச்சது கோடு போட்ட நோட்டுப் பக்கம்தான், நீலக் கோடு, இடது பக்கம் சிவப்பு மார்ஜின், கீழ ஒரு ஓரமா சிவப்பு மையில ஒரு டிக். பாத்த உடனே வகுப்பறை ஞாபகம் வந்துடும்.

ரப்பர் அச்சு கொஞ்சம் வேற கதை. அழிரப்பர்ல படத்தச் செதுக்கி, ஸ்டாம்ப் பேடுல ஒத்தி அட்டைல அமுக்கறது. செதுக்க ஒரு மணி நேரம் ஆகலாம், அதுக்கப்புறம் ஒரு கார்டுக்கு சில நொடிதான், அறுபதாவது கார்டும் மொதல் கார்டு மாதிரியே இருக்கும். அதனால ஆள் கம்மி, கார்டு அதிகம்னா கையெழுத்த விட இதுதான் ஜெயிக்கும். படம் தலைகீழா, அதாவது கண்ணாடில தெரியற மாதிரி இருக்கணும்ங்கறத மட்டும் மறக்காதீங்க. 2பி பென்சில்ல மெல்லிசு பேப்பர்ல நேரா வரைஞ்சு, அத ரப்பர் மேல கவுத்து வச்சு நகத்தால தேச்சா தானா திரும்பி விழும். தமிழ் எழுத்து செதுக்கறதுக்கு பொறுமை வேணும், 'நன்றி'ல அந்த புள்ளி இருக்கே, கத்தி லேசா கீழ போனாலே பிஞ்சு வந்துடும். புள்ளிய மட்டும் செதுக்காம விட்டுட்டு, அச்சு அடிச்சப்புறம் பேனாவால வச்சிடுங்க. இல்லன்னா எழுத்தே வேண்டாம், புத்தகம், சாக்பீஸ், மணி மாதிரி எளிமையான உருவம் போதும்.

பாப்-அப் கார்டு தெறந்ததும் ஆச்சரியப்பட வைக்கும், அதுல சந்தேகமே இல்ல. மடிச்ச பேப்பர்ல மடிப்புப் பக்கம் ஒரே நீளத்துல ரெண்டு வெட்டு, நடுவுல இருக்கறத உள்பக்கமா தள்ளினா ஒரு படி மாதிரி எழும்பும், அது மேல டீச்சர் மேசையோ புத்தக அடுக்கோ ஒட்டிக்கலாம். ஆனா ஒட்டற படம் நீளமா இருந்தா கார்ட மூடினப்புறம் வெளிய எட்டிப் பாக்கும், பசை ஒரு சொட்டு தவறி படில பட்டா தெறக்கவே தெறக்காது. தண்ணிப் பசை அட்டைய நெளிய வைக்கும், க்ளூ ஸ்டிக்கோ டபுள் சைடு டேப்போ நல்லது. பேப்பரோட நார் ஓடற திசைக்கு இணையா மடிச்சாதான் மடிப்பு சுத்தமா வரும், ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் எளிதா வளையுதோ அந்தப் பக்கம்தான் மடிக்கணும். கனமான அட்டைன்னா மை தீந்த பேனாவால ஸ்கேல் வச்சு கோடு அழுத்திட்டு அப்புறம் மடிங்க. இவ்ளோ வேலைய அறுபது தடவை பண்ண சொன்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். போட்டோ ஒட்டற யோசனையும் அதே மாதிரிதான், அத விழா மேடைக்கு வச்சுக்கலாம்.

என் ஓட்டு கலவைக்குத்தான்: முகப்புல ரப்பர் அச்சு, உள்ள கையெழுத்து. ஆள் ரொம்ப கம்மின்னா உள்பக்கத்த ஒரே ஒரு தடவை அழகா எழுதி ஜெராக்ஸ் போட்டுட்டு, வாங்கறவங்க பேர மட்டும் கைல எழுதுங்க, அந்த பேர் கைல இருந்தாலே போதும். பாப்-அப் ஒண்ணே ஒண்ணு, டீச்சருக்கு மட்டும், உள்ள எல்லாரோட கையெழுத்தோட. அத கடைசியா பண்ணுங்க, அதுக்குள்ள எல்லாருக்கும் கை நல்லா பழகியிருக்கும்.