ஆங்கிலமா, கத்தோலிக்கமா, பிரெஞ்சா? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பாடசாலைகள் நான்கு வகை: ஆங்கிலப் பொதுப் பாடசாலை, ஆங்கிலக் கத்தோலிக்கப் பாடசாலை, பிரெஞ்சுப் பொதுப் பாடசாலை, பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாடசாலை. போதாததற்கு, ஆங்கிலப் பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபைகளுக்குள்ளேயே, பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கும் ‘பிரெஞ்சு இமெர்ஷன்’ என்று ஒரு தனிப் பிரிவும் உண்டு. நிரந்தர வதிவிடத்துடன் வருபவர்களுக்கு இவை எதிலும் கட்டணம் இல்லை. எது நல்லது என்று ஸ்காபரோவில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். என் மகன் பக்கத்துத் தெருப் பொதுப் பாடசாலையில் படித்தான், மகள் இமெர்ஷனில் படித்தாள், மாடி வீட்டுக்காரரின் பிள்ளைகள் கத்தோலிக்கப் பாடசாலைக்குப் போனார்கள். மூன்றையும் அருகிலிருந்து பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் இடம் வாங்கப் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பொதுப் பாடசாலையில் சேர்ப்பது இவ்வளவு சுலபமா என்று தோன்றும். வீட்டு முகவரிதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. நேர்முகமும் இல்லை, நன்கொடையும் இல்லை. நான்கு வயது நிறைகிற ஆண்டின் செப்டெம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன், அதாவது முதலாம் வகுப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முதலாவது, தொடங்கலாம். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை படிப்பு கட்டாயம். பிறந்த ஆண்டுதான் வகுப்பைச் சொல்கிறது: ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பு. “ஆங்கிலம் தெரியாது, ஒரு வகுப்புக் குறைத்துப் போடுங்கள்” என்று நம்மவர்கள் பலரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி பொறுமையாக மறுத்துவிட்டார். வகுப்பைக் குறைப்பதில்லை, ஆங்கிலத்துக்குத் தனி உதவி தருவோம் என்றார். அவர் சொன்னதுதான் சரி. வயதில் சிறியவர்களோடு உட்கார வைத்திருந்தால் என் மகன் கூனிக் குறுகிப் போயிருப்பான்.

பக்கத்துப் பாடசாலையின் பெரிய நன்மை எந்தக் கையேட்டிலும் இல்லை. காலையிலும் மாலையிலும் பெற்றோர் வாசலில் நிற்கிறார்கள். இந்த நாட்டுப் பாடசாலை எப்படி நடக்கிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன். பி.ஏ. நாள் என்றால் ஆசிரியர்களுக்கு வேலை, பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது ஒரு வெள்ளிக்கிழமை பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அடுத்த முறை ஒரு சோமாலியத் தாய் முதல் நாளே நினைவூட்டினார். பிள்ளை வரவில்லையென்றால் காலையிலேயே பாடசாலைக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே அழைத்து விசாரிப்பார்கள் என்பதையும், உணவுப் பெட்டியில் நிலக்கடலை வைக்கக்கூடாது என்பதையும் அங்கேதான் கேட்டறிந்தேன்.

குளிரிலும் இடைவேளைக்குப் பிள்ளைகள் வெளியேதான் போவார்கள். கிண்டர்கார்டன் ஆசிரியை ஒருவர் என் மகனுக்கு உடுக்கும் வரிசையைச் சொல்லிக்கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்: முதலில் பனிக் காற்சட்டை, பிறகு சப்பாத்து, பிறகு மேலங்கி, தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்டால் ஜிப்பைப் பிடித்து இழுக்க முடியாது. வீட்டில் அதுவரை நான்தான் தலைகீழாக உடுத்திவிட்டுக் கொண்டிருந்தேன்.

கத்தோலிக்கப் பாடசாலைக்கு வருவோம். இதன் உரிமை 1867ஆம் ஆண்டின் அரசமைப்பிலேயே இருக்கிறது. பாடத்திட்டம் மாகாணத்துடையதுதான், அதோடு சமயபாடமும் திருப்பலியும், பெரும்பாலான இடங்களில் சீருடையும் சேரும். சீருடை நம்மவர்களுக்கு மிகவும் பிடிக்கிறது, ஒழுக்கம் கூடுதல் என்ற நம்பிக்கை வேறு. நான் கண்டவரை ஒழுக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம்ப வகுப்புகளில் சேரப் பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதே ரொறன்ரோக் கத்தோலிக்கக் கல்விச் சபையின் பொது விதி. ஆகவே மன்னாரிலிருந்தோ குருநகரிலிருந்தோ வரும் குடும்பங்கள் ஞானஸ்நானச் சான்றிதழை மறக்காமல் கொண்டுவர வேண்டும். உயர்நிலை வகுப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. வேறு சமயப் பிள்ளைகள் அங்கே சமயபாடத்திலிருந்து விலக்குக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஏற்கெனவே தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்துக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது: ஞாயிறு பார்த்த முகங்களையே திங்களும் பார்க்கலாம். சீருடைக்காக மட்டும் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிரெஞ்சு இமெர்ஷன்தான் அதிகம் யோசிக்க வேண்டியது. ஆங்கிலப் பாடசாலையில் பிரெஞ்சு நான்காம் வகுப்பில் ஒரு பாடமாகத் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு முடியும்போது பிள்ளை சுமார் 600 மணி நேரம் பிரெஞ்சு கற்றிருக்கும். இமெர்ஷனில் அது குறைந்தது 3,800 மணி நேரம். ரொறன்ரோப் பொதுக் கல்விச் சபையில் இது ஜூனியருக்கு அடுத்த ஆண்டான சீனியர் கிண்டர்கார்டனில் தொடங்குகிறது. மூன்றாம் வகுப்பு முடியும்வரை எல்லாமே பிரெஞ்சில், ஆங்கிலம் நான்கில்தான் சேரும். விண்ணப்பிக்க வேண்டியதோ அதற்கு முந்தைய ஆண்டு. உரிய காலத்தில் விண்ணப்பித்தால் இடம் உண்டு, ஆனால் எந்தப் பாடசாலையில் என்பது நம் கையில் இல்லை. புதிதாக வந்த குடும்பத்துக்கு இந்தத் திகதி தெரிந்திருக்க வழியில்லை. பலருக்கு இது தவறிப்போவதே அதனால்தான்.

மூன்று மொழி பிள்ளைக்குச் சுமை என்று பயமுறுத்துவார்கள். என் மகளுக்கு அது சுமையாக இருக்கவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் ஆங்கிலம், வகுப்பில் பிரெஞ்சு என்று அவள் தானே பிரித்துக்கொண்டாள். சிரமம் எனக்குத்தான். மாலையில் அவள் பிரெஞ்சுப் புத்தகத்தை உரக்க வாசிப்பாள். சரியா பிழையா என்று தெரியாமல் நான் தலையாட்டுவேன். பாடசாலை தூரத்தில், பஸ்ஸில் போய் வந்தாள். வாசலில் நிற்கும் வேலையே எனக்கு இல்லாமல் போயிற்று. மூத்தவனின் ஆசிரியையை வாரம் ஒருமுறையாவது கண்டு பேசிய நான், இவளுடைய ஆசிரியையை ஆண்டுக்கு இரண்டு முறை கண்டால் அதிகம்.

பிரான்ஸிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பிள்ளையை முழுப் பிரெஞ்சுப் பாடசாலைகளின் சேர்க்கைக் குழுவிடம் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பாடசாலையானாலும், தேர்ச்சி அறிக்கையில் “வகுப்பில் எத்தனையாவது?” என்பதற்குப் பதில் இருக்காது. ஆறாம் வகுப்புவரை எழுத்துத் தரம், ஏழிலிருந்து சதவீதம். அதற்கும் முன்னால் ஆறு கற்றல் திறன்கள் வரும்: பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்துதல். கணக்கில் ஏ வாங்கிய என் மகனுக்கு முன்முயற்சியில் குறைவாகப் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். எல்லாம் தெரிந்தும் கேட்டால்தான் சொல்கிறான், தானாகக் கை உயர்த்துவதில்லை என்றார் ஆசிரியை. ஆசிரியர் கேட்காமல் வாய் திறக்காதே என்று சொல்லி வளர்த்தது நான்தான்.

வந்து ஓராண்டு ஆகாத குடும்பம், அதிலும் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பம் என்றால், நடந்து போகும் தூரத்திலுள்ள பொதுப் பாடசாலையைத்தான் நான் சொல்வேன். பெற்றோருக்கும் அங்கேதான் பாடம் கிடைக்கிறது. இமெர்ஷன் வேண்டும் என்றால் நான்காம் வகுப்பில் இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்குள் நீங்களும் தேறிவிடுவீர்கள். தமிழுக்காகக் கவலைப்பட வேண்டாம்: இருபத்தைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் ஆரம்ப வகுப்புகளுக்குக் கல்விச் சபை தமிழ் வகுப்பு நடத்தும். பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தாலும் அதில் சேரலாம்.

செப்டெம்பருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரியில் வந்து இறங்கினாலும் சேர்த்துக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழ், குடிவரவுப் பத்திரம், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றோடு போய், புதியவர்களுக்கு உதவும் குடியேற்ற அலுவலர் எந்த நாளில் வருவார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாமல் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள்.