கிருஷ்ணகிரி, தருமபுரியில் ஹோம் லோன்: எந்தக் கதவைத் தட்டினால் தவணை எவ்வளவு?

20 லட்சம் லோன், 20 வருஷம். 8% வட்டிக்குக் கொடுக்கும் வங்கியில் மாதத் தவணை 16,729 ரூபாய். 12% கேட்கும் ஹவுசிங் ஃபைனான்ஸில் அதே லோனுக்கு 22,022. மாதம் 5,293 ரூபாய் வித்தியாசம். கடைசிவரை கட்டி முடித்தால் முதல் ஆளுக்கு வட்டி மட்டும் 20.15 லட்சம், இரண்டாவது ஆளுக்கு 32.85 லட்சம். இருவரும் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் ஒரே சம்பளம் வாங்குபவர்களாகக்கூட இருக்கலாம். இவர்களைப் பிரிப்பது பெரும்பாலும் மனையின் பேப்பர்தான். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஹோம் லோன் பார்க்கிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதை.

அதனால் எந்தக் கடன் நிறுவனம் நல்லது என்பதை பேப்பரிலிருந்தே தொடங்குகிறோம்.

வங்கி வக்கீல் லீகல் ஒப்பீனியன் எழுத உட்கார்ந்ததும் கேட்பது இவை: தாய்ப்பத்திரம் முதல் கைக்கு வந்த பத்திரம் வரை தொடர்ச்சி, பொதுவாக 30 வருஷ வில்லங்கம், உங்கள் பேரில் பட்டா, எஃப்.எம்.பி. (சர்வே துறையின் நில அளவு) வரைபடம், மனைக்கும் கட்டடத்துக்கும் அப்ரூவல். இங்கே இடிக்கிற இடங்கள் மூன்று. முதலாவது கூட்டுப் பட்டா. தாத்தா பேரில் இருந்த புஞ்சையை வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டும் குடும்பங்கள் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கம் நிறைய. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வரும்வரை வங்கி அசையாது. இரண்டாவது, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவு. 20-10-2016க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்காகத்தான் 2017-ல் வரன்முறை விதிகள், அதாவது அப்ரூவல் இல்லாததை முறைப்படுத்தும் விதிகள் வந்தன. பழைய பஞ்சாயத்து அப்ரூவலை மட்டும் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், வரன்முறை ஆணையைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மூன்றாவது நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம். நத்தம் பட்டா இருந்தாலும், அதற்கு முந்தைய பத்திரம் இல்லாவிட்டால் சில வங்கிகள் தயங்கும்.

இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவரிடம்தான், "பேப்பர் பெரிசா வேண்டாம் சார், நாங்க பண்ணித் தர்றோம்" என்று சின்ன ஹவுசிங் ஃபைனான்ஸின் ஏஜென்ட் வருவார். அவர்கள் கொடுப்பது உண்மைதான். அந்த ரிஸ்க்குக்கு விலையாக 12 சதவீதமோ அதற்கு மேலோ வாங்குவதும் உண்மை. பட்டா உட்பிரிவுக்கு ஆறு மாதம் அலைய வேண்டியிருந்தாலும் அலையுங்கள் என்றே சொல்வோம். அந்த ஆறு மாத அலைச்சல், மேலே சொன்ன கணக்கில், 20 வருஷத்துக்கு மாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. இதைவிட நல்ல கூலி வேறு எந்த வேலைக்கும் கிடைக்காது.

இனி கடன் கொடுப்பவர்களைப் பார்ப்போம்.

பொதுத்துறை, தனியார் வங்கிகள்: ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோனை வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது 1-10-2019 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நடைமுறையில் பெரும்பாலும் அது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. ரெப்போவோடு வங்கி தன் பங்காக வைக்கும் ஒரு ஸ்ப்ரெட் சேர்த்தால் உங்கள் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். 2025-ல் ரெப்போ 6.50 சதவீதத்திலிருந்து நான்கு தடவையில் 5.25-க்கு இறங்கியபோது இந்த வகை லோன்காரர்களுக்குத்தான் பலன் சீக்கிரம் வந்து சேர்ந்தது. சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, 750-க்கு மேல் சிபில் (கிரெடிட் ஸ்கோர்), சுத்தமான பேப்பர் நான்கும் இருந்தால் வேறு எங்கும் போக வேண்டியதில்லை. குறை வேகம்தான். லீகல், வேல்யூவேஷன், சாங்ஷன் என்று வாரக்கணக்கில் இழுக்கும். மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து ஒரு மாதத்தில் கிரயம் என்று அக்ரிமென்ட் போட்டவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். அக்ரிமென்ட்டில் மூன்று மாதமாவது கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாடு கிராம வங்கி: பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் இணைந்து உருவானது, தலைமையகம் சேலம். விவசாயம், மாடு, பட்டுக்கூடு என்று வருமானம் உள்ள குடும்பத்துக்கு, ஏற்கெனவே அங்கே பயிர்க்கடன் ஒழுங்காகக் கட்டிய வரலாறு இருந்தால், முதலில் விசாரிக்க வேண்டிய இடம். ஒன்றைக் கவனியுங்கள்: 2019-ன் வெளி அளவுகோல் விதி கிராம வங்கிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. "வட்டி எதோட இணைச்சிருக்கு, எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாறும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள்: இவையும் அந்த விதிக்குள் வராது. தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கின்றன. ரெப்போ ஏறும்போது அது சட்டென்று ஏறும், இறங்கும்போது நிதானமாக இறங்கும் என்பது கடன் வாங்கியவர்களின் பொதுவான அனுபவம். ஆனால் கடைக்காரர், லாரி ஓனர், மாங்கூழ் ஆலைக்குப் பழம் சப்ளை செய்பவர் போன்றவர்களின் வருமானத்தை ஐ.டி. ரிட்டர்னுக்கு வெளியேயும் பார்த்துக் கணக்கிடும் பழக்கம் இவர்களிடம் அதிகம். வேறு வழியில்லாமல் இங்கே வாங்கினால், இரண்டு மூன்று வருஷம் ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டுவிட்டு வங்கிக்கு மாற்றுவது என்ற திட்டத்தோடு வாங்குங்கள். தனிநபரின் ஃப்ளோட்டிங் ஹோம் லோனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, கம்பெனியாக இருந்தாலும் வங்கியாக இருந்தாலும். ஃபிக்ஸட் என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. கடன் முழுக்கவும் ஃபிக்ஸடா, முதல் சில வருஷங்களுக்கு மட்டுமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

தவணை கையைக் கடிக்காமல் இருக்க என்ன வழி? கவுன்ட்டரில் சட்டென்று சொல்லும் யோசனை, வருஷத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது. கணக்கைப் பாருங்கள். 20 லட்சம், 8%: 15 வருஷத்துக்கு 19,113, 20 வருஷத்துக்கு 16,729, 30 வருஷத்துக்கு 14,675. 20-லிருந்து 30-க்குப் போனால் மாதம் குறைவது 2,054 ரூபாய்தான். கூடுதலாகப் போகும் வட்டியோ 12.68 லட்சம். 15-லிருந்து 20-க்குப் போவது பரவாயில்லை. 20-க்கு மேல் இழுப்பதைவிட லோன் தொகையை இரண்டு மூன்று லட்சம் குறைத்து, மாடிப்படி அறையைப் பிறகு கட்டிக்கொள்வது நல்லது. ஒரு லட்சம் குறைத்தால் 20 வருஷக் கணக்கில் மாதம் 836 ரூபாய் குறைகிறது.

வங்கி உங்கள் தகுதியைச் சொல்லும்போது கைக்கு வரும் சம்பளத்தில் பாதிவரை தவணைக்குப் போகலாம் என்று கணக்குப் போடக்கூடும். அந்தத் தொகையை அப்படியே வாங்காதீர்கள். கையில் 45,000 வருகிறவருக்கு எல்லாத் தவணையும் சேர்த்து 40%, அதாவது 18,000-க்குள் இருக்கட்டும். பைக் லோன் 3,500 ஓடுகிறது என்றால் வீட்டுக்கு 14,500. அது 8% வட்டியில் 20 வருஷத்துக்கு 17.3 லட்சம் லோனைத் தாங்கும். மனைவி மகளிர் குழுவில் வாங்கிய கடனும் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியும். அதை மறைத்துவிட்டு அவரைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்க்க முடியாது.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதை வாங்கும் நாளிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.50-க்கு ஏறியது. அதற்குச் சற்று முன் 6.75%-ல் 20 லட்சம் வாங்கியவரின் தவணை 15,207. வட்டி 9.25% ஆனதும் 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 15,417. தவணையை ஏற்றாமல் வருஷத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் அசல் குறையவே குறையாது. 18-8-2023 அன்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இந்தச் சிக்கலுக்குத்தான்: வட்டி மாறும்போது தவணையை ஏற்றிக்கொள்வதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். பெரும்பாலானோர் எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அப்போது காலம்தான் நீளும். லோன் வாங்கிய புதிதிலேயே 8%, 8.5% ஆனாலும் அதே 16,729-ஐக் கட்டினால் 26 மாதம் கூடுகிறது. 9% ஆனால் 64 மாதம். முடிந்த அளவுக்கு ஏற்றிய தவணையையே கட்டுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே கடன் வாங்கியவரின் ஸ்ப்ரெட், புதிதாக வாங்குபவருக்குக் கொடுப்பதைவிட அதிகமாக இருப்பது சாதாரணம். கிளைக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்ப்ரெட்டைக் குறைக்கக் கேளுங்கள், சின்னக் கட்டணத்தோடு செய்துகொடுக்கும் வங்கிகள் உண்டு. மறுத்தால் மட்டும் வேறு வங்கிக்கு மாற்றுவதை யோசியுங்கள். பாக்கி 18 லட்சம், இன்னும் 16 வருஷம், வட்டி 9.5-லிருந்து 8-க்கு இறங்குகிறது என்றால் தவணையில் மாதம் சுமார் 1,620 மிச்சம். பிராசஸிங் ஃபீஸ், லீகல், மறுபடி எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்த) பதிவு என்று ஆகும் செலவை இந்த 1,620-ஆல் வகுத்தால் எத்தனை மாதத்தில் மீளும் என்று தெரிந்துவிடும். ஒன்றரை வருஷத்துக்குள் மீண்டால் மாற்றலாம்.

இந்த மாவட்டங்களின் வருமானத்துக்கு ஏற்ற நல்ல வழி, தவணையை நிலையான வருமானத்துக்குள் சின்னதாக வைத்துக்கொண்டு, சீசன் பணத்தை அசலில் போடுவது. மாங்காய் காசு வரும் ஜூலையிலோ தீபாவளி போனஸ் வரும்போதோ வருஷம் 50,000 கட்டினால், மேலே சொன்ன 20 வருஷ லோன் ஏறக்குறைய 13 வருஷத்தில் முடிகிறது. வட்டியில் 7.5 லட்சத்துக்கு மேல் மிச்சம். அவ்வளவு முடியாதவர் வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலும் மூன்று வருஷம் குறையும். பணத்தைக் கட்டும்போது "அசலில் வரவு வையுங்கள், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதங்களின் தவணைக்கான முன்பணமாக அது கணக்கில் கிடக்கும், வட்டி குறையாது. போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்கவும் வேண்டும் என்பவருக்கு எஸ்.பி.ஐ.யின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகை பொருந்தும். கையைக் கட்டி வைக்கத் தெரியாதவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

சாங்ஷன் லெட்டரில் பார்க்க வேண்டிய இடங்கள். 1-10-2024 முதல் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற தாள் கட்டாயம். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்திர விகிதம் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரு எண்தான் சரி. இன்ஷூரன்ஸைத் தனியாகப் பாருங்கள். ஒரே பிரீமியமாக 60,000 ரூபாயை லோனோடு சேர்த்துவிட்டால், 8%-ல் 20 வருஷத்துக்கு மாதம் 502 வீதம் 1.20 லட்சம் கட்டுகிறீர்கள். உயிர்க் காப்பீடு அவசியம். அதை டேர்ம் பாலிசியாக வெளியில் எடுத்துக்கொள்ளலாம், வங்கியிடம்தான் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை.

கைக்காசு எவ்வளவு வேண்டும்? 30 லட்சம் வரையிலான லோனுக்கு வீட்டு மதிப்பில் 90%, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதையும் தாண்டினால் 75% என்பது உச்சவரம்பு. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% பொதுவாக இந்த மதிப்பில் சேராது, கையிலிருந்துதான் போகும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் 1-4-2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு. வட்டியில் பெண்களுக்கு 0.05% குறைக்கும் வங்கிகளும் இருக்கின்றன.

கட்டும் வீட்டுக்கு லோன் கட்டம் கட்டமாக வரும்: பேஸ்மென்ட், லிண்டல் (ஜன்னல் மேல்மட்டம்), கான்கிரீட், பூச்சு. கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. 8 லட்சம் இறங்கியிருந்தால் மாதம் 5,333, அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. எஸ்டிமேட்டில் இங்கே தவறுவது பூமிக்கடியில்தான். அஸ்திவாரத்தில் பாறை வந்தால் உடைக்கக் காசு, போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டுவதும் அதிசயமில்லை. இவற்றைச் சேர்க்காமல் எஸ்டிமேட் கொடுத்து, லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து, ரெண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்குகிறவர்கள் உண்டு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24%. 8% லோனுக்கு ஓடியாடிய பலனெல்லாம் அதில் கரைந்துவிடும். போர்வெல்லை முதலிலேயே போட்டுவிட்டு, ஆன செலவைக் கழித்தபின் வீட்டின் அளவை முடிவு செய்யுங்கள்.

நகர்ப்புறத்தில் முதல் வீடு வாங்குபவர் பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0-ன் வட்டி மானியத்தைப் பார்க்கலாம். குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், லோன் 25 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்றால் முதல் 8 லட்சத்துக்கு 4% மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருஷத் தவணையாக. மனை ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், அந்த இடம் திட்டத்தில் வருமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. அசல் பத்திரங்களை 30 நாளில் வங்கி திருப்பித் தர வேண்டும், தங்கள் பக்கத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 1-12-2023 முதல் நடைமுறை. பத்திரத்தை வாங்கிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரசீதுப் பத்திரமும் பதிந்து, புது வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அது பதிவாகாதவரை வில்லங்கத்தில் வங்கியின் பெயர் நிற்கும்.